கடைசி டூ-செவன்டி பெட்டி

மான் வேட்டை தொடங்க ஒரே நாள்தான் பாக்கி. நவம்பர் பதினாலாம் தேதி காலை பத்து மணிக்கு ஆர்விட் கோஸ்கெலா தள்ளுபடிக் கடையின் பின்கோடிக்குப் போய், பூட்டிக் கிடந்த கண்ணாடி அலமாரி முன்னால் நின்றார். முப்பத்தோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷர். குறி சரியாக இருக்கிறதா பார்க்கிறேன் என்று போன வாரம் கையிருப்புத் தோட்டாக்களை எல்லாம் சுட்டுத் தீர்த்துவிட்டார். அவர் துப்பாக்கிக்கு டூ-செவன்டி ரகம்தான் சேரும். கீழ்த்தட்டில் அது ஒரே ஒரு பெட்டி இருந்தது.

மணியை அழுத்தினார். ஆள் வேண்டும் என்று ஒலிபெருக்கி அறிவித்தது. யாரும் வரவில்லை. மறுபடியும் அழுத்தினார். துணிப் பகுதியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"சாவி டெனிஸ்கிட்ட இருக்கு சார்."

"டெனிஸ் எங்கம்மா?"

"சாப்பிடப் போயிருக்கார்."

"காலைல பத்தேகாலுக்கா?"

"அவர் விடியக்காலம் நாலு மணிக்கே வேலைக்கு வந்தவர் சார்." போய்விட்டாள்.

ஆர்விட் நகரவில்லை. நகர்ந்தால் பெட்டி போய்விடும். அதற்குள் பின்னால் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். அவருக்கு அடுத்து நின்றவள் கோலீன் லாபெல், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவள். அவர் பேருந்து ஓட்டிய காலத்திலிருந்து பார்த்தால் தலையாட்டுகிற பழக்கம்.

"டூ-செவன்டி இருக்கா ஆர்விட்? பாத்தீங்களா?"

"தொறந்தாத்தானே தெரியும்," என்றார் அவர். சொல்லும்போதே கால் தானாக நகர்ந்து கீழ்த்தட்டை மறைத்தது.

அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்து அலமாரியைப் பார்த்தாள்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் டெனிஸ் வந்தான். அவனிடம் இருந்தது மீன்தூண்டில் அலமாரிச் சாவி. தோட்டா அலமாரிச் சாவி மேலாளரிடம். மேலாளர் போனில். சாவி வந்து சேர்வதற்குள் வரிசையில் ஒருத்தர் திட்டிக்கொண்டே போய்விட்டார்.

அலமாரி திறந்தது. ஆர்விட் குனிந்து கையை நீட்டினார்.

"நீங்க தொடக்கூடாது சார். நான்தான் முன்னாடி கல்லாவுக்குக் கொண்டுவரணும்."

"சரி, கொண்டு வாப்பா."

ஊர்வலம் போல் நடந்தார்கள். கல்லாவில் இருந்த பெண்ணுக்குப் பதினேழு வயது. தோட்டா விற்க வயது போதாது. பெரியவள் ஒருத்தியைக் கூப்பிட்டார்கள். அவள் வயதைச் சரிபார்க்க ஆர்விட்டின் டிரைவிங் லைசென்ஸை இயந்திரத்தில் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"இது போன மாசமே காலாவதி ஆயிடுச்சு சார்."

"எனக்கு அறுபத்தஞ்சு வயசும்மா. மூஞ்சியப் பாத்தா தெரியலையா?"

"எனக்குத் தெரியுது. மெஷினுக்குத் தெரியலையே."

பின்னாலேயே வந்திருந்த கோலீன் தன் லைசென்ஸை நீட்டினாள். பச்சை எரிந்தது. பெட்டி அவள் பைக்குள் போனது.

வண்டிகள் நிற்கிற இடத்தில் ஆர்விட் தன் வண்டிக் கதவைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தார். பனி பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. இன்னொரு கடைக்குப் போக ஐம்பது மைல். அங்கேயும் இதே லைசென்ஸ்தானே! கோலீன் நேராக அவரிடம் வந்து பெட்டியைப் பிரித்தாள்.

"கையை நீட்டுங்க."

ஐந்து தோட்டாக்களை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீங்க காலை வெச்சு மறைச்சாலும் இடுக்குல பெட்டி எனக்குத் தெரிஞ்சுது ஆர்விட்."

அவருக்குக் காது மடல் சுட்டது. மன்னிப்புக் கேட்கிற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. "பத்து குடுத்தா குறைஞ்சா போயிடுவே?" என்றுதான் வெளியே வந்தது.

"லைசென்ஸை மொதல்ல புதுப்பிங்க. அதில்லாம வண்டி வேற ஓட்டிட்டு வந்திருக்கீங்க," என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

முதல் இரண்டு நாள் ஒரு மானும் கண்ணில் படவில்லை. மூன்றாம் நாள் காலையில் இரண்டாவது தோட்டாவில் ஒரு சின்ன ஆண் மான் விழுந்தது. அன்று சாயங்காலம் வேட்டைக் குடிலில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து கடைக் கதையைச் சொன்னார். பத்தேகாலுக்குச் சாப்பிடப் போன டெனிஸையும் தூண்டில் சாவியையும் சிவப்பு விளக்கையும் ஒன்றுவிடாமல் சொன்னார். கூட வேட்டைக்கு வந்திருந்த மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அப்புறம் தோட்டா எங்க கெடச்சுது?"

"ஒருத்தர் குடுத்தாங்க," என்று சொல்லிவிட்டு ஆர்விட் அடுப்பில் இன்னொரு கட்டையைத் திணித்தார்.