கோபுரம் முழுசாக வந்த படம்

சேதுராமன் சார் எங்கள் வீட்டுச் சுவரில் வெள்ளை விரிப்பைக் கட்ட, நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். பஹ்ரைனில், எங்கள் ஈசா டவுனில் ஒரு வீட்டில் ஸ்லைடு காட்டுகிறார்கள் என்றால் பஜ்ஜி, டீ, பிள்ளைகளின் கூச்சல் என்று அமர்க்களப்படும். அன்றைக்கு நானும் என் வீட்டுக்காரர் ஞானசிங்கும் மட்டும். அவர் மனைவி ஜலஜா போய்ச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. "தனியாப் பாக்க பயமா இருக்கு தேவகனி" என்று புரொஜக்டரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றவரை என்ன சொல்லித் திருப்பி அனுப்ப?

கம்பெனி பயிற்சிக்காக அவரை ஸ்பெயினுக்கு அனுப்பியபோது ஜலஜாவும் கூடப் போனாள். திரும்பி வந்த மனுஷன், ரோலில் இன்னும் ரெண்டு படம் மிச்சமிருக்கிறதே, வீணாக்குவானேன் என்று கேமராவை அப்படியே அலமாரியில் வைத்துவிட்டார். நம்ம ஆட்களின் புத்தி! அந்த ரெண்டு படம் எடுப்பதற்குள் காய்ச்சல் மூளைக்கு ஏறி, நான் நர்ஸாக டூட்டி பார்க்கும் வார்டிலேயே அவள் கண்ணை மூடினாள். சுவரில் மாட்ட இப்போது அவள் முகம் வேண்டும். கல்யாணப் படத்தில் குனிந்த தலை நிமிரவில்லை. பாஸ்போர்ட் படத்தில் மிரண்டுபோய் இருக்கிறாள். இப்போதுதான் கழுவி வந்த இந்த ரோலை விட்டால் வேறு கதியில்லை.

விளக்கை அணைத்தோம். சலமான்கா என்ற ஊர். சுவர் முழுக்கக் கல் சிப்பிகள் பதித்த ஒரு வீடு, அதன் முன்னால் கோட்டு போட்ட சேதுராமன் சார். பழைய ஆற்றுப்பாலம், அதன்மேல் சேதுராமன் சார். எனக்கு எரிச்சலே வந்துவிட்டது.

"எல்லாத்துலயும் நீங்கதானா சார்?"

"அவதான் எடுத்தா. நீங்க நில்லுங்க, ஊருக்கு அனுப்பணும்னு சொல்லுவா."

அடுத்தது பல்கலைக்கழக வாசல். இண்டு இடுக்கு விடாமல் செதுக்கிய சுவர். அதில் ஒரு மண்டையோட்டின் மேல் தவளை உட்கார்ந்திருக்குமாம். யாரும் காட்டாமல் அதைக் கண்டுபிடித்தால் நல்ல காலம் என்பார்களாம். சார் கழுத்து வலிக்கத் தேடியும் அகப்படவில்லை. ஜலஜா பார்த்துவிட்டாள். "எனக்கு இனிமே நல்ல காலந்தான் தேவகனி" என்று வார்டில் படுத்துக்கொண்டு சிரித்தாள், பாவி. அதை எந்த வாயால் அவரிடம் சொல்வேன்?

கடைசியாக, மாதா கோயில் கோபுரம்.

"இது நான் எடுத்தது" என்று எழுந்துவிட்டார். "கோபுரத்தை மறைக்கிற, தள்ளி நில்லு, இன்னும் தள்ளி நில்லுன்னு விரட்டுனேன்."

கோபுரம் உச்சிச் சிலுவையோடு முழுசாக வந்திருந்தது. அதன் அடியில் பயத்தம்பருப்பு அளவுக்கு ஒரு மஞ்சள் புடவை. ஒரு கை மட்டும் மேலே தூக்கியிருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புள்ளி.

"போதுமான்னு கேக்குறா" என்றார்.

ஞானசிங் லென்சைத் திருகித் திருகிப் பார்த்தார். படம் மங்கியதுதான் மிச்சம். கிட்டே போனால் தெரியும் என்று நினைத்தாரோ என்னவோ, சார் விரிப்பை நோக்கி நடந்தார். அவர் நிழல் விழுந்து மஞ்சளும் காணாமல் போனது.

"மறைக்குது சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

சார் ஓரடி ஒதுங்கினார். மஞ்சள் திரும்பி வந்தது. இன்னும் ஒதுங்கினார். முதுகு அலமாரியில் இடித்த பிறகும், அவள் தூக்கிய கையையே பார்த்தபடி, இன்னும் கொஞ்சம் ஒதுங்கப் பார்த்தார்.