பக்கத்துப் பல்

குறட்டில் மாட்டி வெளியே வந்த பல்லின் வேர் சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்த நொடியிலேயே பல் டாக்டருக்குத் தெரிந்துவிட்டது, எடுத்தது வேறு பல் என்று. கெட்டுப்போன பல்லின் வேர் அப்படி இருக்காது. கறுத்திருக்கும், நுனியில் சீழ் கட்டியிருக்கும். இதுவோ கழுவி வைத்த சங்கு மாதிரி வெள்ளையாக இருந்தது.

நாற்காலியில் சாய்ந்திருந்தவர் பள்ளி வேன் ஓட்டுகிற டிரைவர். அறுபத்திரண்டு வயது. எத்தனையோ வருடங்களுக்கு முன்பே அவருக்கு அந்தப் பக்கத்தில் ஒரு கடைவாய்ப்பல்லை எடுத்திருந்தார்கள். மற்ற பற்கள் நகர்ந்து வந்து காலி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. எக்ஸ்ரேயைப் பார்த்து எண்ணியவள் ஒன்று தள்ளி எண்ணிவிட்டாள். அன்றைக்கு அவர் பதினான்காவது ஆள். மதியம் சாப்பிட நேரமில்லை. வெளியே இன்னும் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இதெல்லாம் காரணம்தான், சமாதானம் ஆகாது என்று அவளுக்கே தெரியும்.

டிரைவர் வாயில் பஞ்சோடு, ‘முடிந்ததா’ என்று கண்ணால் கேட்டார்.

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தாள்கூட. ஆனால் வந்தது வேறு.

"இந்தப் பல்லும் கெட்டுப்போயிருந்துச்சுங்க. பக்கத்துல இருக்கறதையும் எடுத்துடலாம். ரெண்டும் சேர்ந்துதான் வலி குடுத்திருக்கு."

அவர் தலையை ஆட்டினார். வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் வேறென்ன செய்ய முடியும்?

பக்கத்தில் தட்டோடு நின்றிருந்தவள் டாக்டரின் நாத்தனார். கிளினிக் தொடங்கிய நாளிலிருந்து கூட நிற்பவள். தட்டில் விழுந்த பல்லைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், தட்டின்மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழிந்தது. டிரைவர் இரண்டு முறை போன் செய்தார். போனை எடுப்பது, கணக்கு வழக்கு பார்ப்பது எல்லாம் அவள் கணவன்தான். "டாக்டர் கைவேலையா இருக்காங்க, அப்புறம் கூப்பிடுங்க" என்று இரண்டு முறையும் சொன்னான். மூன்றாம் முறை அவர் கூப்பிடவில்லை. அவள் பெயரைத் தேடினால் நெட்டில் வருகிற பக்கத்தில் போய் எழுதிவிட்டார்.

"வலித்த பல்லுக்குப் பக்கத்துப் பல்லை எடுத்துவிட்டார்கள். கேட்டால் அதுவும் கெட்டது என்கிறார்கள். கெடவில்லை என்று இன்னொரு டாக்டர் எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார். தப்பு நடந்துவிட்டது என்று டாக்டர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்."

பக்கத்தில் அவர் படம். வேன் முன்னால் நின்று எடுத்தது. மேலே ஒற்றை நட்சத்திரம்.

அதற்கு முன்னால் அவள் பக்கத்தில் இருந்தது மொத்தமே இருபது பேர் எழுதியதுதான். "நல்ல டாக்டர்", "வலிக்கவில்லை" என்று ஒற்றை வரிகள். அவற்றின் நடுவில் டிரைவர் எழுதியது வெள்ளைச் சட்டையில் மை கொட்டிய மாதிரி தெரிந்தது. இரண்டாவது வாரமே கூட்டம் குறைந்தது. வந்த ஒன்றிரண்டு பேரும் சும்மா இருக்கவில்லை. "எந்தப் பல்லுன்னு நானே கையால பிடிச்சுக்கறேன் டாக்டர், அதை விட்டுட்டு மத்ததை எடுத்துடாதீங்க" என்று ஒருவர் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள். கை கழுவுகிற இடத்தில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

அன்று சாயங்காலம் கணவனிடம் சொன்னாள்: "நான் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடறேன்."

"கேட்டா? ஒத்துக்கிட்டதா ஆயிடும். நாளைக்கே டென்டல் கவுன்சில்ல எழுதிப் போடுவான். லைசென்ஸ் போயிடுச்சுன்னா பதினோரு வருஷ உழைப்பு போச்சு. இதை என்கிட்ட விடு."

கணவன் கெட்டவன் அல்ல. பயந்தவன். அவள் போகவில்லை. உள்ளுக்குள் ஒரு மூலையில் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதிதான் பின்னால் அவளை ரொம்ப நாள் அரித்தது.

இரண்டு நாளில் ஒரு ஆள் வந்தான். நெட்டில் பேர் கெட்டவர்களுக்குப் பேர் எடுத்துத் தருவது அவன் தொழில். டாக்டர், வக்கீல், என்ஜினீயர் என்று நிறைய பேர் அவன் கையில் இருந்தார்கள். வாயைத் திறந்தால் நட்சத்திரக் கணக்குதான். அதனால் நாத்தனார் அவனுக்கு ‘ஜோசியர்’ என்று பேர் வைத்தாள்.

"ஊர் வாயை மூட உலைமூடி இல்லைன்னு சொல்வாங்க மேடம். அதெல்லாம் அந்தக் காலம்" என்றான் ஜோசியர். "எழுதினதை அழிக்க முடியாது. ஆனா யாரும் அதுவரைக்கும் இறங்கிப் போய்ப் படிக்காத மாதிரி பண்ணிடலாம். மேல நல்லதா கொட்டுவோம். அந்த ஆளுக்கு ஒரு பதிலும் போடுவோம். மரியாதையான பதில்."

கொட்டத்தான் செய்தான். பழைய ஆட்களுக்கெல்லாம் செய்தி போயிற்று. அவர்களில் சிலர் எழுதினார்கள். அது போதாதென்று, கிளினிக் வாசலை மிதிக்காத நாற்பது பேர் ஒரே வாரத்தில் அவளைப் புகழ்ந்தார்கள். அதில் ஒரு அம்மாள், "கண்புரை ஆபரேஷன் பிரமாதம், இப்போது ஊசியில் நூல் கோக்கிறேன்" என்று எழுதியிருந்தாள். நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். ஜோசியர் அதை உடனே எடுத்துவிட்டு, "வேற டாக்டருக்குப் போக வேண்டியது, மாறி வந்துடுச்சு" என்றான். பல்தான் மாறும் என்றில்லை.

டிரைவருக்குப் போட ஜோசியர் எழுதிய பதில் அவள் சம்மதத்துக்காகப் போனுக்கு வந்தது ஒரு மத்தியான வேளையில். நாற்காலியில் ஒரு பெண் வாயைத் திறந்தபடி காத்திருந்தாள். டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டுப் படித்தாள்.

"எங்கள் மதிப்புக்குரிய நோயாளியின் வேதனை புரிகிறது. அவருடைய வயதில் மறதியும் குழப்பமும் இயல்பு. சிகிச்சையின்போதே அதை நாங்கள் கவனித்தோம். அவர் சம்மதத்தோடுதான் இரண்டு பற்களும் எடுக்கப்பட்டன. அவர் நலமாக இருக்கப் பிரார்த்திக்கிறோம்."

மறதியும் குழப்பமும் என்ற இடத்தில் கண் நின்றது. அந்த மனிதர் தான் சாப்பிடும் மாத்திரைகளின் பேரையும் அளவையும் பிசகாமல் ஒப்பித்தவர். அடித்து எழுது என்று சொல்ல நினைத்தாள். நாற்காலியில் இருந்த பெண் முனகினாள். "சரி" என்று தட்டி அனுப்பிவிட்டுப் புதுக் கையுறையை மாட்டினாள்.

வேலை பலித்தது. டிரைவரின் வார்த்தைகள் ஒவ்வொரு நாளும் ஒரு படி கீழே இறங்கின. நட்சத்திரம் நாலரையைத் தாண்டியது. போன் பழையபடி அடித்தது. கணவன் குளிக்கும்போது பாட ஆரம்பித்தான்.

மூன்று வாரம் கழித்து ஒரு பெண் டோக்கன் வாங்கி, கடைசி ஆளாக உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முப்பது வயது இருக்கும்.

"எந்தப் பல்லும்மா?"

"என் பல்லு நல்லா இருக்கு டாக்டர். எங்க அப்பா பல்லைப் பத்திப் பேசத்தான் வந்தேன்."

போனை நீட்டினாள். பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் பேசிக்கொள்கிற குழு. யாரோ டாக்டரின் பதிலைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். கீழே ஒரு தாய் எழுதியிருந்தாள்: "நம்ம வேன் டிரைவருக்கு மறதி வியாதியாம். டாக்டரே சொல்றாங்க. இவரை நம்பியா பிள்ளைகளை அனுப்பறோம்?" அதற்குக் கீழே நூற்றுக்கு மேற்பட்ட செய்திகள். டாக்டர் நாலைந்தைப் படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"மூணாவது நாளே சாவியை வாங்கிட்டாங்க" என்றாள் மகள். "இருபத்தாறு வருஷம் டாக்டர். வண்டியில ஒரு கீறல் கிடையாது. அறுபது பிள்ளைங்க பேரும், எந்தப் பிள்ளை எந்த வாசல்ல இறங்கும்னும் மனப்பாடம். அவருக்கா மறதி?"

டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றினாள்.

"நீங்க பாத்தீங்களா? அவர் குழம்பினதை நீங்க உங்க கண்ணால பாத்தீங்களா?"

"இல்லை."

"அப்ப ஏன் எழுதினீங்க?"

நான் எழுதவில்லை என்று சொல்ல வாய் வந்தது. வந்த வார்த்தையை விழுங்கினாள். "தப்புதான்மா" என்றாள். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தை வந்தது, அதுவும் கேட்டவருக்கு அல்ல, அவர் மகளுக்கு.

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது?" என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

பதிலை அன்றைக்கே எடுக்கச் சொன்னாள் டாக்டர். ஜோசியர் எடுத்தான். ஆனால் படம் பிடித்தவர்களின் போனிலிருந்து யார் எடுப்பது?

மறுநாள் காலை கிளினிக்கைத் திறக்காமல் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தலைமை ஆசிரியை அரை மணி நேரம் வராந்தாவில் நிற்கவைத்துவிட்டு உள்ளே கூப்பிட்டாள்.

"அவருக்கு மறதி இல்லைன்னு சர்டிபிகேட் குடுக்கறீங்களா?"

"நான் பல் டாக்டர். அதை நான் எப்படிக் குடுக்க முடியும்?"

"எழுதும்போது அது தெரியலையா?"

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அங்கேயே உட்கார்ந்து, பையிலிருந்த கிளினிக் தாளை எடுத்து எழுதினாள். வேறு பல்லை எடுத்தது தன் தவறு. அதை மறைத்துப் பொய் சொன்னது தான். அவரிடம் எந்தக் குழப்பத்தையும் பார்க்கவில்லை. பதிலில் இருப்பது பொய். கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினாள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவன் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"உன் கழுத்துக்கு நீயே கயிறு திரிச்சுக் குடுத்துட்டு வந்திருக்கியே."

"அவர் கழுத்துல கிடந்த கயிறுங்க அது. நாமதான் போட்டோம்."

நாத்தனார் சமையலறை வாசலில் நின்றாள். "அண்ணி அன்னிக்கே சொல்லியிருக்கணும். நானும் சொல்லியிருக்கணும்" என்றாள். அண்ணன் அவளைப் பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டாள்.

கடிதத்தைத் தலைமை ஆசிரியை பெற்றோர் கூட்டத்தில் படித்துக் காட்டினாள். நல்லது நடக்கும் என்றுதான் டாக்டர் நினைத்தாள். "டாக்டரை மிரட்டி எழுதி வாங்கியிருப்பாங்க" என்றார் ஒருவர். "நெருப்பில்லாம புகையுமா?" என்றார் இன்னொருவர். "எதுக்கு வம்பு, புது டிரைவர்தான் நல்லா ஓட்டறாரே" என்று கூட்டம் முடிந்தது. பொய்யை ஒரு நாளில் நம்பியவர்கள் உண்மைக்குச் சாட்சி கேட்டார்கள். கடிதத்தையும் யாரோ படம் பிடித்திருந்தார்கள். அது கவுன்சிலுக்குப் போனது. அவர்கள் கூப்பிட்டுக் கேட்டார்கள், ஒத்துக்கொண்டாள். ஒரு வருடம் தொழில் செய்யக்கூடாது என்று உத்தரவு வந்தது.

கணவன் கிளினிக்கை வேறொரு டாக்டருக்கு விட்டான். புது டாக்டர் அந்த நட்சத்திரப் பக்கத்தையும் சேர்த்துத்தான் கேட்டார். பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்.

உத்தரவு வந்த வாரத்தில் அவள் டிரைவர் வீட்டைத் தேடிப் போனாள். மூன்றாவது மாடி. லிப்ட் இல்லை. கதவைத் திறந்தவர் அவரேதான். இளைத்திருந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை, கதவைச் சாத்தவும் இல்லை.

"தப்பு என்னுதுதாங்க" என்றாள். "பல்லு விஷயமும், அப்புறம் எழுதினதும். மன்னிப்புக் கேக்க வந்தேன்."

அவர் கதவுநிலையில் சாய்ந்துகொண்டார்.

"பல்லு போனா சொல்லு போச்சுன்னு சொல்வாங்க. எனக்கு ரெண்டும் போச்சும்மா. இப்ப நான் என்ன சொன்னாலும், இந்த ஆள் நெஜமாத்தான் சொல்றானான்னு பாக்கறாங்க. நான் கேட்டது ஒரு வார்த்தை. அன்னிக்கு அதைச் சொல்லியிருந்தா, சரி போ, நாமளும் மனுஷங்கதானேன்னு விட்டிருப்பேன்."

"ஸ்கூலுக்கு எழுதிக் குடுத்தேன்..."

"படிச்சேன். மக காட்டினா. நல்லாத்தான் எழுதியிருந்தீங்க." அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "கவுன்சில்லேர்ந்து எனக்கும் ஒரு காகிதம் வந்துச்சு. சின்ன எழுத்து. படிச்சுக் காட்டறேன், சரியான்னு நீங்களே சொல்லுங்க, இருங்க."

மேசையிலிருந்து காகிதத்தை எடுத்தார். சட்டைப் பையைத் தடவினார். மேசைமேல் தேடினார். தலையணையைத் தூக்கிப் பார்த்தார். கண்ணாடி அவர் நெற்றிக்கு மேலே இருந்தது.

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி கையை நிறுத்தினாள். அவரைப் பார்த்தாள், பிறகு வாசலில் நின்ற டாக்டரைப் பார்த்தாள். ஏதோ கேட்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. டாக்டரும் தன்னை அறியாமல் அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், நோயாளியைப் பார்ப்பது போல.

அவர் நிமிர்ந்தார். இருவர் கண்ணையும் பார்த்தார். கை மெதுவாகத் தலைக்குப் போய்க் கண்ணாடியைத் தொட்டது.

"கண்ணாடியை எல்லாரும்தான் மறப்பாங்க" என்றார்.

"ஆமாங்க" என்றாள் டாக்டர் அவசரமாக. "எல்லாரும்தான்."

அவர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"போயிட்டு வாங்க" என்று கதவைச் சாத்தினார்.