ஏழாவது கிண்ணக்காசு

காசின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக்கொண்டிருந்தாள் தையல்காரி. பைக்குள் கைபேசி மறுபடியும் அதிர்ந்தது. மகள்தான்.

"அம்மா, வாங்கிட்டியா இல்லையா? அப்பா கண்ணைத் திறக்கறப்பெல்லாம் அதையேதான் கேக்கறாரு. இன்னிக்குத் தாண்டறது கஷ்டம்னு நர்ஸ் சொல்லிட்டுப் போறாங்க. சீக்கிரம் வா."

"இதோ கிளம்பிட்டேன்."

கிளம்பவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் பழங்காசுக் கடைக்காரர் உறையும் கையுமாகக் காத்திருந்தார்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருஷத்தில் அவர் சேர்த்தது ஆறே ஆறு காசுகள். எல்லாம் பைசாந்தியப் பேரரசின் பொன்காசுகள். தட்டையாக இல்லாமல் கிண்ணம்போல் குழிந்தவை. "உப்பு வைக்கக்கூட ஆகாத கிண்ணம்" என்று அவள் கேலி செய்வாள். அவள் தைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எந்த அரசன், எந்த அச்சு என்று அவர் பேசிக்கொண்டே இருப்பார். அவள் தலை நிமிர மாட்டாள். 'உம்' என்பதற்கு மேல் ஒரு சொல் வராது.

ஏழாவது காசை அவர் பதினோரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார்; அது இப்போதுதான் கடைக்கு வந்திருந்தது. "நீ போய் வாங்கிட்டு வா. வேற யாரையும் அனுப்பாதே" என்று காலையில் மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். சாகக் கிடக்கிற மனுஷனை விட்டுவிட்டுக் காசுக்கடைக்குப் போவதா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வந்துவிட்டாள்.

விளிம்பில் ஓரிடம் மட்டும் அதிகமாகப் பளபளத்தது. ஒட்டுப்போட்ட துணியை எவ்வளவுதான் இஸ்திரி போட்டு மறைத்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"இது வேண்டாங்க."

கடைக்காரர் திகைத்தார். "பதினோரு வருஷமா அவர் கேட்டுக்கிட்டிருந்த காசும்மா!"

"அதனாலதான் வேண்டாங்கறேன்."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் யோசித்தாள். அதையே வாங்கி அவர் கையில் வைத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? கண் மங்கிப்போன மனுஷன், உற்றுப் பார்க்கவா போகிறார்? நிம்மதியாகப் போயிருப்பார். இறங்கித் திரும்பிப் போகலாமா என்றுகூட நினைத்தாள். அதற்குள் வீட்டு நிறுத்தம் வந்துவிட்டது. நான்கு மாடியும் படிதான். லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்கு லிஃப்ட் இல்லை என்று தெருவே சிரிக்கும்.

கட்டிலருகே குனிந்ததும் அவர் கண் திறந்தது.

"வாங்கினியா?"

"இல்லீங்க."

மகள் அவளை முறைத்தாள்.

"ஏன்?" என்றார் அவர்.

"அது அச்சுல அடிச்ச காசு இல்ல. உருக்கி ஊத்தின வார்ப்பு. போலி."

"எப்படிச் சொல்றே?" என்றார்.

"விளிம்புல அரம் போட்டுத் தேய்ச்சிருக்கு. உள்ளே பொடிப்பொடியாக் குழி. அரசன் முகம் ஒத்தையா, துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. வளைஞ்ச அச்சுல ஒரே அடியில படம் விழாது, சாய்ச்சுச் சாய்ச்சு ரெண்டு அடி போடணும், அதனால முகம் லேசா ரெட்டையா விழும்னு நீங்கதானே…"

நிறுத்திக்கொண்டாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ கேட்டுக்கிட்டா இருந்தே?"

"காதுக்கென்ன மூடியா போட்டிருக்கு?"

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, மகள் பதறிப்போய்த் தண்ணீர் எடுத்தாள். வேண்டாமென்று கையசைத்துவிட்டு மறுபடியும் சிரித்தார். "முப்பது வருஷம்… கள்ளி!"

அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். இரண்டு முறை சரிசெய்தாள்.

"டப்பாவைக் கொண்டா" என்றார்.

ஒவ்வொரு காசாக அவர் உள்ளங்கையில் வைத்தாள். கட்டைவிரலால் தடவித் தடவி அரசர்களின் பெயரைச் சொன்னார். நான்காவதில் தடுமாறினார். அவள் சொன்னாள். "ஆமா, அவன்தான்" என்று தலையாட்டினார். ஐந்தாவதை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். விரல் நின்றதை முதலில் மகள்தான் கவனித்தாள். வெளியே நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் அவரை எடுத்தார்கள். கூட வேலை பார்த்தவர்கள் சீருடையிலேயே வந்து, யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல், நான்கு மாடியும் அவரைத் தோளில் சுமந்து இறக்கினார்கள்.

பத்து நாள் கழித்துப் பழங்காசுக் கடைக்காரர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நீங்க வேண்டாம்னு போனதும் அதைப் பரிசோதனைக்கு அனுப்பினேம்மா. அது வார்ப்புதானாம். நல்ல காசுன்னு நம்பி நானும் ஏமாந்திருக்கேன்." சற்றுத் தயங்கி, சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு உறையை எடுத்தார். "இது வேற அரசனோடது. வாங்கச் சொல்லலை. எனக்கே சந்தேகமா இருக்கு. கொஞ்சம் பாத்துச் சொன்னீங்கன்னா…"

"அம்மா இன்னும் சரியாச் சாப்பிடக்கூட ஆரம்பிக்கலைங்க. அப்புறமா வர்றீங்களா?" என்றாள் மகள்.

அதற்குள் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தையல்காரி கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள். பாதி தைத்த சட்டையைத் தையல் மேசையிலிருந்து எடுத்து மகள் மடியில் போட்டாள். ஜன்னல் திரையை முழுக்க ஒதுக்கினாள்.

உறையிலிருந்த குழிந்த காசை அவள் மேசைமேல் வைத்ததும் அது அப்படியும் இப்படியும் ஆடியது. கடைக்காரர் பிடிக்கக் கை நீட்டினார்.

"தொடாதீங்க" என்றாள். "அதுவா நிக்கட்டும்."