கை இருந்த இடத்தில் மூன்று சக்கரம்

கள்ளக்குறிச்சியில் தொட்டில் கம்பி என்றால் தெய்வசிகாமணி பட்டறை என்பார்கள். அவர் என் வீட்டுக்காரர். அந்தக் கம்பிக்குப் பின்னால் ஒருத்தி நிற்பதை மட்டும் யாரும் பேச்சில் சேர்ப்பதில்லை.

கம்பி என்றால் இரும்பு இல்லை, மரம். விரல் பருமன், இரண்டடி நீளம். லேத்தில் இரண்டு முனையையும் மாட்டிச் சுழலவிட்டு உளியை வைத்தால் நடுப்பகுதி உதற ஆரம்பித்துவிடும். கடகடவென்று சத்தம் வரும், மரமெல்லாம் வரிவரியாகத் தழும்பு விழும். பின்பக்கமிருந்து யாராவது தாங்கிப் பிடித்தால்தான் அடங்கும். கல்யாணமான மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "இங்க கொஞ்சம் புடி, சின்னப்பொண்ணு" என்றார். எண்ணெயில் ஊறிய செருப்புத்தோலை வலது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பிடித்தேன். அந்தக் கொஞ்சம் பதினோரு வருஷம் நீண்டது.

ஆறாம் வருஷமே கேட்டேன். "இதத் தாங்கறதுக்கு ஒரு கட்ட கிட்ட செஞ்சி வெக்கக்கூடாதாங்க? கை மரத்துப்போவுது."

"கட்டய வெச்சா மரம் சூடாயி கருகிடும்மே. உன் கை மாதிரி வருமா?"

அந்தப் பாழாய்ப்போன பேச்சில் எனக்குப் பெருமை வேறு வந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

மரத்துப்போவது முதலில் வேலை முடிந்த பிறகு மட்டும் இருந்தது. அப்புறம் எந்நேரமும் இருந்தது. கொதிக்கிற குழம்புச் சட்டியை அடுப்பிலிருந்து வெறுங்கையால் இறக்கினேன். பக்கத்து வீட்டு இருசம்மாள் பார்த்துவிட்டு, "உனக்கு இரும்புக் கைடி" என்று சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

போன ஆடி மாசம் அது நடந்தது. என் மகள் பூமாலைக்கு எட்டு வயசு. பள்ளிக்கூடம் என்றால் உலகத்து வலியெல்லாம் அவளுக்குத்தான் வரும். அன்றைக்குக் காலையில் பாயை விட்டு எழவில்லை. "தல வலிக்குதும்மா. ஒடம்பெல்லாம் சுடுது."

நெற்றியில் கை வைத்தேன். வலது கை. சூடே இல்லை.

"சொம்மா நடிக்காத. எந்திரி."

மறுநாளும் அதே பாட்டு, அதே கை. சடை பின்னிவிட்டு, முதுகில் ஒன்று வைத்து அனுப்பினேன். அன்று மத்தியானம் வலிப்பு வந்தவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மூளைக்காய்ச்சல். இருபது நாள் ஆஸ்பத்திரி. உயிர் தங்கியது, காது இரண்டும் போய்விட்டது. "மொத நாளே கொண்டாந்திருந்தா" என்று ஆரம்பித்த டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சூடு தெரியவில்லை என்று நான் அழுததைக் கேட்டு, என் வலது உள்ளங்கையில் ஊசியால் குத்திப் பார்த்தார். குத்தியது எனக்குக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். "இனிமே நான் புடிக்கமாட்டேன்."

எலவனாசூர்கோட்டையில் ஒரு வீட்டுக்குத் தொட்டில் சொல்லியிருந்தார்கள், இருபத்துநாலு கம்பி பாக்கி. மறுநாள் காலையில் மூங்கில்துறைப்பட்டு ரோட்டில் டிராக்டர் பட்டறைக்குப் போய்ப் பழைய பேரிங் சக்கரம் மூன்று வாங்கிவந்தார். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் உட்கார்ந்தார். வாகைப் பலகை ஒன்றில் நடுவே, கம்பி தாராளமாக நுழைய, ஓட்டை போட்டார். அந்த ஓட்டையை நோக்கி நீட்டியும் இழுத்தும் வைக்கிற மாதிரி மூன்று மரத்துண்டு பொருத்தினார், பின்னால் இரண்டு, மேலே ஒன்று. ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு பேரிங். மரத்தில் தடம் விழாமலிருக்கச் சைக்கிள் டியூப்பை நறுக்கி அவற்றுக்கு வளையல் மாட்டினார். பலகையை லேத்தின் நடுவில் போல்ட் போட்டு முடுக்கினார். முன்பு நான் கை வைத்த அதே இடம்.

சுவிட்சைப் போட்டு உளியை வைத்தார். கம்பி அசையவில்லை. மூன்று சக்கரமும் அதோடு சேர்ந்து உருண்டன. சீவல் நீளநீளமாக வந்து விழுந்தது. ஒரு மாசமாகச் செத்துக் கிடந்த முகம் மலர்ந்துவிட்டது மனுஷனுக்கு. வாசலில் நின்ற பூமாலையிடம் திரும்பி, "கேட்டியா பாப்பா? சத்தமே வரல!" என்றார்.

பூமாலை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவிட்சை அணைத்தார். நான் கிட்டே போனேன். வாசலில் வெயில் இன்னும் இறங்கவில்லை.

"எப்ப ஆரம்பிச்ச?" அவரை நான் 'ங்க' போடாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

"சோறு துன்னுட்டுத்தான்."

"ஒரு மத்தியானம். பதினோரு வருசமா இது இன்னாத்துக்குய்யா தோணல?"

கழற்றிய கம்பியைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். பொய் சொல்லத் தெரியாத ஆள். சொல்லியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

"உன் கை இருந்துச்சு. அதான் தோணல."

அந்தப் பலகையைச் சம்மட்டியால் உடைக்க வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. உடைத்து என்ன ஆகப்போகிறது என்றும் வந்தது. அதற்குள் பூமாலை உள்ளே வந்து அப்பா கையிலிருந்த கம்பியை வாங்கி, மேலும் கீழும் தடவினாள். முகம் முழுக்கச் சிரிப்பு. காது போனதிலிருந்து அவள் கத்தித்தான் பேசுகிறாள்.

"வழவழன்னு கீதும்மா! தொட்டுப் பாரு!"

கம்பியை என் வலது கையில் வைத்து, விரல்களை அவளே மடக்கிவிட்டாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.