சாரை யார் செக் பண்ணுவது

நான் விமானத்திலிருந்து குதிக்கிறவள். என் புருஷன் டெஸ்மண்ட் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கச் சொல்லிக் கொடுக்கிறவன். ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், "கேத்தி குதிக்கிறதுக்கு முன்னாடி ஷூ லேஸைக்கூட நாலு பேர் பார்ப்பாங்க" என்று கிண்டல் பண்ணுவான். பார்க்கத்தான் பார்ப்போம். எத்தனை வருஷம் குதித்த பயிற்சியாளரானாலும், நேற்றுச் சேர்ந்த பெண்ணிடம் முதுகைக் காட்டி பாராசூட் சரியாக இருக்கிறதா பார் என்பார். அவள் குதிக்க வேண்டாம் என்றால் யாரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வதில்லை. தப்பு நடந்தால், பண்ணினவரே அன்றைக்கே எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். இதைச் சொன்னால் டெஸ்மண்ட், தண்ணீருக்கு இவ்வளவு பயம் தேவையில்லை என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்திபெலே தாண்டி, தண்ணீர் நிரம்பிய ஒரு பழைய கல்குவாரியில் வகுப்பு. நானும் போயிருந்தேன். டெஸ்மண்டோடு முதலில் இறங்க வேண்டியவள் அம்ருதா, தொம்மலூரில் ஆபீஸ் வேலை பார்க்கிறவள். அவளுடைய சிலிண்டர், குழாய், பெல்ட் எல்லாவற்றையும் அவன் சரிபார்த்தான். அவனுடையதை யாரும் பார்க்கவில்லை. சாரைப் போய் எப்படிச் செக் பண்ணுவது என்று எல்லோருக்கும் கூச்சம். உன்னுடையதை அவளைப் பார்க்கச் சொல்லு என்று டெஸ்மண்டிடம் சொன்னேன்.

"பேடா கேத்தி, வேண்டாம், பசங்க முன்னாடி ஆரம்பிக்காதே" என்று முறைத்தான்.

அடுத்து இறங்க இருந்த நரேஷ் மட்டும் மரியாதைக்காகப் பின்னால் போய், சாரின் சிலிண்டர் வால்வைத் திருகிவிட்டு, ரெடி சார் என்றான். டெஸ்மண்ட் ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தான். காற்று வந்தது. குதித்துவிட்டான். அம்ருதாவும் கூடவே இறங்கினாள்.

தண்ணீரின் மேல் இரண்டு இடத்தில் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கம் நின்றுபோயிற்று. நான் பாறை விளிம்புக்கு ஓடினேன். மாதாவே, மாதாவே என்று வாய் தானாக முனகியது. இன்னொரு பக்கமும் நின்றுவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

இரண்டு தலைகளும் சேர்ந்து மேலே வந்தன. அம்ருதாவின் சிலிண்டரிலிருந்த உபரிக் காற்றுக் குழாய் டெஸ்மண்டின் வாயில் இருந்தது. கரையேறினதும் சிரித்தான். காற்று தீர்ந்தால் இவள் என்ன செய்கிறாள் என்று பார்க்க ஒரு டிரில் வைத்தேன், அம்ருதா பாஸ் என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள்.

அவன் உதடு வெளுத்திருந்தது. முதுகிலிருந்து சிலிண்டரைக் கழற்றும்போது வால்வை மூடிப் பார்த்தேன். ஒரு சின்னத் திருப்பிலேயே நின்றுவிட்டது. அவ்வளவுதான் திறந்திருந்தது. ஏற்கனவே திறந்திருந்ததை, திறப்பதாக நினைத்து நரேஷ் முழுக்க மூடியிருக்கிறான். பிறகு, முழுக்கத் திறந்தபின் கால் சுற்று பின்னால் திருப்பு என்று டெஸ்மண்டே சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்திருக்கிறான். கரையில் மூச்சுவிட அந்தக் காற்று போதும். ஆழத்தில் போதாது.

நிமிர்ந்தேன். அடுத்து இறங்கப் போகிறவர்களின் சிலிண்டர்களுக்கு நடுவே நரேஷ் குனிந்து, ஒவ்வொரு வால்வாகத் திருகிக்கொண்டிருந்தான்.

"நரேஷ், கையை எடு."

அவன் திகைத்துப்போய் சாரைப் பார்த்தான். டெஸ்மண்ட் என்னைப் பார்த்தான். வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்று கண்ணாலேயே கெஞ்சினான். பாவமாகத்தான் இருந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

"நீயே சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவன் தரையைப் பார்த்தபடி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"அது டிரில் இல்ல. கீழ எனக்குக் காத்து வரல. அம்ருதா குடுக்கலேன்னா நான் மேல வந்திருக்க மாட்டேன்."

வால்வு விஷயத்தை நான் சொன்னதும் நரேஷ் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான். அம்ருதாதான் பதறப்போகிறாள் என்று நினைத்து அவள் பக்கம் திரும்பினேன். அவள் நனைந்த சட்டைக் கையை மேலே ஏற்றினாள். மணிக்கட்டைச் சுற்றி டெஸ்மண்டின் நகம் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது.

"தெரியும் சார்" என்றாள்.

தெரிந்துமா கை தட்டினாய் என்று அவளிடமும் எரிந்து விழுந்தேன்.

"சாரே டிரில்னு சொல்றாரு மேடம். நான் எப்படி இல்லேன்னு சொல்றது?"