சுலைக்காவின் வீடு நிற்கும் பக்கம்

சுலைக்காவின் வீடு ஆண்டுக்கு இரண்டு முறை ஹிலந்தூத் தீவைச் சுற்றி இடம் மாறும். வாடைக்காலத்தில் மேற்குக் கரையில் நிற்கும். கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியதும் மணலோடு கிளம்பி, தெற்கு முனையைச் சுற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போய்விடும். மணல் அப்படிப் போவது மாலத்தீவில் எல்லாத் தீவுகளிலும் உள்ளதுதான். மேற்கே காற்று எழுந்தால் கடற்கரை கிழக்கே போகும், வாடை திரும்பினால் கடற்கரையும் திரும்பும். வீடு ஒன்று கூடவே போவதுதான் புதிது. பவளக்கல் சுவர், தகரக் கூரை, வாசலில் கயிற்று ஊஞ்சல், பின்னால் விருந்தாளிகளுக்குக் கட்டிய இரண்டு அறைகள், கிணறு எல்லாமே போகும். கிணறு போனதைத்தான் முதல் ஆண்டில் ஊர் நம்ப மறுத்தது. தீவு மன்றத்தில் கூட்டம் போட்டு, விலாசத்தில் எந்தத் தெருவை எழுதுவது என்று பேசிப் பார்த்தார்கள், முடிவு வரவில்லை. மின்சாரக்காரன் மட்டும் இரண்டு கரையிலும் ஒவ்வொரு கம்பம் நட்டு, "எங்க நிக்குதோ அங்க மாட்டிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அதோடு அந்தப் பேச்சு ஓய்ந்தது.

வீடு முதன்முதலாகக் கிளம்பியது, வஹீத் அவளுக்கு இரண்டாம் முறை தலாக் சொல்லிவிட்டுப் போன ஆண்டில். வஹீத் சூரைமீன் பிடிக்கும் படகின் தலைவன். வாடையில் தேனாக இருப்பான். விடியுமுன் கடலுக்குப் போய் மதியத்துக்குள் மீனோடு வருவான், வரும்போதே தூரத்திலிருந்து பாட்டுக் கேட்கும். கச்சான் பிறந்தால் படகு கரையேறும், மழை பிடித்துக்கொள்ளும், மனிதன் கூண்டுக்குள் அடைத்த சேவலாக வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவான். மீன் சாற்றில் உப்பில்லை என்பான். கூரை ஒழுகுவதற்கும் அவளே காரணம் என்பான். அந்தத் தீவுக்காரர்கள் பருவத்தை நட்சத்திரங்களை வைத்துத்தான் எண்ணுகிறார்கள். மூலம் பிறந்தால் வாடை, அசுவினி பிறந்தால் கச்சான், ரோகிணியில் புயலும் மழையும் உச்சம். "ரோகிணி பொறந்தா வஹீதுக்கு நாக்கு அரிக்கும்" என்று ஊரே சொல்லும். முதல் தலாக், அவள் துடைப்பத்தைத் தலைகீழாகச் சார்த்தி வைத்ததற்காக. அடுத்த மூலம் பிறந்து, கடல் எண்ணெய் ஊற்றினாற்போலப் படுத்ததும், அவனே ஊரின் கல்யாணமும் தலாக்கும் எழுதும் காஸி உமர்பேயின் வாசலில் போய் நின்று திரும்பவும் கட்டிவைக்கச் சொன்னான். தீவில் இது பெரிய விஷயமில்லை, ஊரில் பாதிப் பேர் பிரிந்து சேர்ந்தவர்கள்தான். இரண்டாம் தலாக், ஈரப்பலா வறுவல் கருகிப்போனதற்காக. அந்த முறை மூலம் பிறந்தும் அவன் வரவில்லை. தெற்கே எங்கோ ஓர் உல்லாசத் தீவில் விசைப்படகு ஓட்டுகிறான் என்று சரக்குப் படகுக்காரர்கள் சொன்னார்கள்.

இனி மூன்றாவது தலாக் ஒன்று விழுந்தால் பிறகு வழியில்லை. அவள் வேறொருவனைக் கட்டி, அவனும் அவளை விட்டாலொழிய வஹீத் திரும்ப அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது. ஆக, இருவருக்கும் மிச்சமிருந்தது ஒரே ஒரு கல்யாணம். காஸி உமர்பே இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். "ரெண்டு தடவை நான்தான் கட்டிவச்சேன், ரெண்டு தடவை நான்தான் பிரிச்சு எழுதினேன். மூணாவது தடவை பிரிச்சு எழுத வச்சீங்கன்னா, அப்புறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது, புள்ள." சுலைக்கா அன்று அழவில்லை. ஆனால் அந்த ஒரு கல்யாணத்தை எந்தக் காலத்தில் செலவழிப்பது என்ற கவலை அன்று பிடித்தது, பிறகு விடவேயில்லை.

வீடு நகரத் தொடங்கிய பிறகு அவளுக்கு அண்டை அயல் என்று நிலையாக யாரும் இல்லாமல் போனார்கள். வாடையில் மேற்குத் தெருவார், கச்சானில் கிழக்குத் தெருவார். மௌலூது ஓதிச் சோறு பங்கிடும்போது, கிழக்கில் கொடுத்திருப்பார்கள் என்று மேற்கில் விட்டுவிடுவார்கள். மேற்கில் கொடுத்திருப்பார்கள் என்று கிழக்கில் விட்டுவிடுவார்கள். யார்மேலும் குற்றமில்லை. அவளும் போய்க் கேட்கிற ரகமில்லை, மாசிக் கருவாட்டுத் தூளைத் தேங்காயில் பிசைந்து ரொட்டியோடு தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வாள். எல்லாவற்றிலும் மோசம் தெற்கு முனையைக் கடக்கும் நாட்கள். அப்போது வீட்டைச் சுற்றி நான்கு பக்கமும் கடல்தான். தட்டுகளைத் துணியால் கட்டிவைத்து, ஊஞ்சலைக் கழற்றி உள்ளே போட்டு, அவள் வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். கரையில் ஆட்கள் போவது தெரியும், குரல் எட்டாது. அந்த நாட்களில் அவள் தன் பெயரைத் தானே சத்தமாகக் கூப்பிட்டுப் பார்ப்பதுண்டு. யாராவது கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்றிருக்கும்.

விருந்தாளிகள் வாடையில் மட்டும் வருவார்கள். எங்கெங்கோ தேசங்களிலிருந்து தொலைபேசியில் கேட்பார்கள், உங்கள் தீவுக்கு எப்போது வந்தால் நல்லது என்று. ஜனவரியிலிருந்து மார்ச் வரை வாருங்கள், கடல் கண்ணாடியாக இருக்கும் என்பாள். அது சத்தியமான வார்த்தை. வருவார்கள், வெயிலில் சிவக்கச் சிவக்கக் கிடப்பார்கள், இங்கேயே இருந்துவிடலாம் போலிருக்கிறது என்பார்கள், போய்விடுவார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருவர்கூட ஒரு மழையைப் பார்த்ததில்லை.

சில ஆண்டுகள் இப்படிப் போன பிறகு ஒரு நாள் தொலைபேசியில் வந்தது வஹீதின் குரல். வந்து பார்க்கலாமென்று இருக்கிறது, எந்தக் காலம் தோது என்று அவனும் கேட்டான், விருந்தாளி கேட்பதைப்போலவே.

"ரோகிணியில வா" என்றாள்.

"பைத்தியமா உனக்கு? அப்பப் படகே ஓடாது."

"ஓடுறப்ப வர்றதுக்கு ஆளு நெறைய இருக்கு."

"சண்டை போடத்தான் கூப்பிடுறே."

"சண்டையில இருக்கிற ஆளத்தான் கூப்பிடுறேன். சிரிக்கிற ஆளை எனக்கு நல்லாத் தெரியும்."

அவன் பார்க்கலாம் என்றான். ரோகிணி வந்தது, போனது, அவன் வரவில்லை. வாடை திரும்பி, வீடு மேற்கே வந்து நிலைத்து, விருந்தாளிகள் படகு வந்தபோது அதிலிருந்து வெள்ளைச் சட்டையும் அத்தருமாக இறங்கினான். தான் விட்டுப்போன இடத்திலேயே வீடு நிற்பதைப் பார்த்து அவன் ஒன்றும் வியக்கவில்லை. வீடு நகர்வதை ஊரார் சொன்னபோது, "என்னை ஊருக்குப் புதுசுன்னு நெனச்சீங்களா?" என்று சிரித்தான். சுலைக்கா அவனுக்கு விருந்தாளி அறையைத் திறந்துவிட்டாள். மற்ற விருந்தாளிகளுக்குக் கொடுப்பதுபோல வெள்ளை விரிப்பு, காலைச் சாப்பாடு, துண்டு. அவன் மீன் பிடித்து வந்தான், கூரையை அடைத்தான், மாலையில் ஊஞ்சலில் உட்கார்ந்து பாடினான். தேன்தான். மேற்குத் தெருவில் மூனா என்று ஒருத்தி, வாய்க்காரி. "அக்கா, இந்த வயசுல இப்படிப் பாட ஒருத்தன் கெடச்சா நான் கண்ண மூடிக்கிட்டுக் கட்டிக்குவேன்" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு கட்டித்தான் இரண்டு முறை ஆயிற்று என்று சுலைக்கா சொல்லவில்லை. பாட்டைக் கேட்டு அவளுக்கும் நெஞ்சு கரையத்தான் செய்தது. காஸியிடம் போவோமா என்று அவன் கேட்டபோதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டு, "கச்சான்லயும் இதே வாய் இதையே சொல்லட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

அசுவினிக்கு முன்னால் கடைசிப் படகில் அவன் கிளம்பியிருக்க வேண்டும். சுலைக்கா தட்டுகளைக் கட்டுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "வீடாவது நகர்றதாவது, இருந்து பாத்துட்டே போறேன்" என்று தங்கிவிட்டான். மறுநாள் காலை கதவைத் திறந்து காலை வெளியே வைத்தவன் இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்தான். வீடு கடலில் நின்றது. இப்போது கணவன் மனைவி அல்லாத இரண்டு பேர் தனியாக அப்படி ஒரே வீட்டில் மாட்டிக்கொண்ட செய்தி கேட்டுக் காஸி உமர்பே குடையோடு கரைக்கு ஓடி வந்தார். "கதவு ரெண்டு இருக்கில்ல? ஆளுக்கொரு கதவு!" என்று கத்தினார். காற்று அவர் பக்கத்திலிருந்து அடித்ததால் அது மட்டும் நன்றாகக் கேட்டது. வீடு தெற்கு முனையைச் சுற்றிக் கிழக்கே போகும்வரை அவரும் கரையோடு கூடவே நடந்தார். இரவில் கரையில் படுத்துக்கொண்டு கண் வைத்திருந்தார்.

மழை முதல் நாளே பிடித்துக்கொண்டது. இரண்டாம் நாள் வஹீத் சாற்றில் உப்பில்லை என்றான். மூன்றாம் நாள் மண்ணெண்ணெய் வாடை என்றான், ஈரம் என்றான், சுவரே சாய்கிறது, இந்தப் பெண்பிள்ளையோடு வாழ்ந்தால் வீடுகூட நிலைக்காது என்றான். அவள் திருப்பிக் கொடுத்தாள். வாடையெல்லாம் வாயில் வைத்திருந்த சொற்களை அவளும் அன்று கொட்டினாள். பழக்கம் அவன் தொண்டையில் ஏறியது. மேசையைக் குத்தித் தலாக் என்று கத்தினான்.

"யாருக்குச் சொல்றே?" என்று சுலைக்கா கேட்டாள். "கட்டாத பொண்டாட்டிக்குத் தலாக் ஏது?"

வஹீதின் வாயால் சொல்லக்கூடிய மிகப் பெரிய வார்த்தையைச் சொல்லியாகிவிட்டது, எதுவும் ஆகவில்லை. அதற்கு மேலே வைத்துச் சொல்ல அவனிடம் சொல் இல்லை. வெளியே போகத் தரையும் இல்லை. அன்று பொழுது சாயும்வரை அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து அலையைப் பார்த்தான். இருட்டியதும், "இந்த நாலஞ்சு நாளு வருஷா வருஷம் நீ இங்க தனியாவா இருந்தே?" என்று கேட்டான். அவள் ஆமாம் என்றாள். யாரும் இதுவரை அவளிடம் கேட்காத கேள்வி அது. அவள் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

வீடு கிழக்கே சேர்ந்ததும் அவன் இறங்கி, வேலைக்குப் போகவேண்டும் என்று சொல்லிச் சரக்குப் படகேறினான். இரு என்று அவள் சொல்லவில்லை, வருவேன் என்று அவன் சொல்லவில்லை. அந்தக் கச்சான் முழுதும் அவனிடமிருந்து செய்தியில்லை. வாடையிலும் வரவில்லை. மேற்குக் கரை விருந்தாளிகளால் நிறைந்திருந்தபோது சுலைக்கா தன்னையே திட்டிக்கொண்டாள். அவன் பாடிய நாட்களிலேயே கட்டியிருக்கலாம், பாதி ஆண்டுத் தேனாவது கிடைத்திருக்கும். பெரிய நியாயக்காரியாட்டம் காலம் பார்க்கப்போய், உள்ளதும் போச்சு. அடுத்த அசுவினியில் முனையைக் கடக்கும்போது அவள் தன் பெயரைக் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. கூப்பிடத் தோன்றவில்லை.

ரோகிணி பிறந்து, கடல் மதில்மேல் மதிலாக வந்த ஒரு பகலில், சரக்குப் படகு ஒன்று துறைக்குள் நுழையத் தத்தளித்து வந்து சேர்ந்தது. குடலே வெளியே வரும் அளவுக்கு வாந்தியெடுத்து, முகம் வெளுத்து, வஹீத் அதிலிருந்து இறங்கினான். துறையில் நின்றவர்கள் சொல்வது இதுதான்: அவன் யாரையும் எதுவும் கேட்கவில்லை, மேற்கே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மழையில் தீவைக் குறுக்கே வெட்டி நேராகக் கிழக்குக் கரைக்கு நடந்தான். கச்சானில் சுலைக்காவின் வீடு எங்கே நிற்கும் என்று தெரிந்து வந்த வெளியாள் அதுவரை ஒருவரும் இல்லை.

"வந்துட்டேன்" என்றான் வாசலில்.

"தலையத் தொவட்டு" என்றாள் சுலைக்கா.

தீவில் கல்யாணங்கள் வாடையில்தான் நடக்கும். ரோகிணியில் யாரும் கட்டியதில்லை. காஸி உமர்பே மூன்றாம் முறையாக, முழங்கால்வரை நனைந்து, குடை உல்டாவாகி, பல் தந்தியடிக்க அந்த நிக்காஹை ஓதி முடித்தார். "இதுக்கு மேல இல்ல, தெரிஞ்சுதானே?" என்று கேட்டார். இருவருக்கும் தெரிந்திருந்தது. அந்தக் கச்சானிலும் அவனுக்கு நாக்கு அரித்தது. அரித்த நாட்களில் எழுந்து வெளியே போய், மழையில் தீவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, கொடுத்ததைச் சாப்பிட்டான். இன்றைக்கும் அப்படித்தான். அவன் நடந்து நடந்து தீவைச் சுற்றிலும் ஒரு தடம் விழுந்துவிட்டது, அதில் இப்போது பள்ளிப் பிள்ளைகள் போகிறார்கள்.

ஆனால் உல்லாசத் தீவுகளுக்கு வாடைதான் அறுவடை. மூலம் பிறந்ததும் அவன் வேலைக்குப் படகேறிவிடுவான். வீடு மேற்கே திரும்பும், கடல் கண்ணாடியாகும், விருந்தாளிகள் வந்து ஊஞ்சலில் ஆடுவார்கள். அத்தனை பேர் நடுவில் சுலைக்கா தனியாக இருப்பாள். தனிமை போய்விட்டது என்று சொல்ல முடியாது, பாதி ஆண்டுக்குச் சுருங்கியிருக்கிறது. எப்போது வந்தால் நல்லது என்று கேட்கிறவர்களுக்கு அவள் இன்னமும் ஜனவரி என்றுதான் சொல்கிறாள்.

இந்த ஆண்டு அசுவினி பிறந்தும் காற்று திரும்பப் பிந்தியது. மேற்கே ஒரு மேகமில்லை, மணல் போட்டது போட்டபடி கிடந்தது. கடைசி விருந்தாளியை அனுப்பிவிட்டு, சுலைக்கா தட்டுகளைக் கட்டினாள், ஊஞ்சலைக் கழற்றினாள், வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு சுவரில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, "ம், நட" என்றாள். வீடு நடந்தது.