மூன்றாவது கிளாஸ்

ஐஸ் தட்டை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினாள். நாலு கட்டி கண்ணாடி ஜாடிக்குள் விழுந்தது. இரண்டு தரையில் விழுந்து, ஒன்றையொன்று துரத்திக்கொண்டு கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் போய் ஒளிந்தது.

"எத்தனை போச்சு?" உள்ளறையிலிருந்து அப்பா கேட்டார். குரல் என்று சொல்ல முடியாது. மூச்சில் கொஞ்சம் சத்தம் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான்.

"ரெண்டுப்பா."

"அவசரம்."

அது திட்டு இல்லை, அவர் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். நாள் கணக்கு முடிவதற்குள் பிறந்தவள், சாப்பாட்டை மெல்லாமல் விழுங்குகிறவள், படிப்பு முடிந்த மறுமாதமே வெளிநாட்டுக்கு விமானம் ஏறியவள். அங்கே பெரிய கிடங்கு ஒன்றில் பெட்டி கட்டுகிற வேலை. ஒரு பெட்டிக்கு நாற்பது விநாடி. பிந்தினால் தலைக்குமேல் இருக்கிற திரையில் அவள் எண் சிவப்பாகிவிடும். பயந்து பயந்து கைக்கு வேகம் வந்துவிட்டது. லீவில் வந்து பதினோரு நாளாகியும் அந்த வேகம் கையை விட்டு இறங்கவில்லை.

"மறுபடியும் ஊத்தப் போறியா?" என்றான் அண்ணன். வேனை வாசலில் விட்டுவிட்டு, சாவியை விரலில் சுற்றிக்கொண்டே சமையலறை நிலையில் சாய்ந்திருந்தான். "ஏற்கெனவே ரெண்டு ரவுண்டு சிங்க்ல கவுத்தாச்சு. அந்தக் குழாய்க்குத்தான் இப்ப போதை."

"சும்மா இருண்ணா."

"வாங்கிட்டு வந்தவன் வயித்தெரிச்சல் எனக்குத்தான தெரியும்."

நேற்றுச் சாயங்காலம்தான் அப்பா அதைக் கேட்டார். முப்பத்துநாலு வருஷம் பெரிய ஓட்டல் ஒன்றின் பாரில் நின்றவர் அவர். கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, எதிரே உட்கார்ந்திருப்பவர் கதையெல்லாம் கேட்டுக்கொள்ளும் முகம். ஆனால் கல்யாணத்தன்றே அம்மா ஒரு நிபந்தனை போட்டுவிட்டாள். அந்தச் சாமான் ஒரு சொட்டுக்கூட வீட்டுக்குள் வரக்கூடாது, வாசனைகூட வரக்கூடாது. அம்மாவைப் பெற்றவர் குடித்தே போனவர். அதனால் அப்பா தினமும் பின்பக்கக் குளியலறையில் குளித்து, சட்டை மாற்றிய பிறகுதான் வீட்டுக்குள் கால் வைப்பார். கடைசி வரை ஒருநாள் தவறவில்லை. அவரும் குடிக்கிறவர் இல்லை. போட்ட பானம் சரியா என்று பார்க்க, மெல்லிய ஸ்ட்ரா ஒன்றைக் கிளாஸில் விட்டு, மேல் ஓட்டையை விரலால் அடைத்து எடுத்து, ஒரே ஒரு சொட்டை நாக்கில் விடுவார். தினம் நூறு சொட்டு. அதோடு சரி.

அப்படிப்பட்டவர் கேட்டார், "ஒரு மார்ட்டினி போடணும்." ஜின்னில் வெர்மூத்து என்கிற ஒயினைத் துளி சேர்த்துக் கலக்குகிற பானம் அது.

"யாருக்குப்பா?"

"உங்கம்மாவுக்கு."

மருந்து தலைக்கேறிவிட்டது என்று அண்ணன் நினைத்தான். சிரித்தும் விட்டான்.

"நான் எங்க போறேன், என்ன பண்றேன்னு அவ ஒருநாளும் பாத்ததில்ல," என்றார் அப்பா. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டார். "ஒரு தடவ பாக்கட்டும். எனக்குக் கை வராது. நீ போடு, நான் சொல்றேன். ஆனா தப்பா போட்டத அவ கையில குடுத்துடாத."

அம்மா அப்போது துவைத்த போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். நாலாய் மடித்ததை எட்டாய் மடித்தாள். அதற்குமேல் மடிக்க முடியாது என்றானபோது, "கேக்கறாருல்ல, செஞ்சு குடுங்க," என்றாள். "நான் குடிப்பேன்னு மட்டும் யாரும் நெனைக்காதீங்க."

இன்று காலை வந்த நர்ஸ் அக்கா அவருடைய விரல் நகங்களைப் பார்த்தாள். பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். வெளியே வந்து, "இன்னைக்கு யாரும் எங்கயும் போகாதீங்க," என்றாள். விழுங்க எதுவும் கொடுக்கக்கூடாது, நாக்கை மட்டும் நனைக்கலாம் என்றும் சொன்னாள்.

முதல் கிளாஸை மகள் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, மூடி, குலுக்கினாள். சினிமாவில் அப்படித்தானே செய்கிறார்கள். உள்ளேயிருந்து, "யாரும்மா அது, இருமல் மருந்து குலுக்கறது?" என்று கேட்டது. கண் மங்கிப்போன மனிதருக்குக் காது மட்டும் கத்தி மாதிரி இருந்தது. ஜின்னைக் குலுக்கக்கூடாதாம், கலங்கிவிடுமாம். கலக்கத்தான் வேண்டுமாம்.

இரண்டாவதைக் கலக்கினாள். ஸ்ட்ராவில் ஒரு சொட்டு எடுத்து அவர் நாக்கில் விட்டாள். வெகுநேரம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தார். "ஓடறியா?" என்றார். "குளிர்ச்சியே ஏறல. ஒருத்தன் நாளெல்லாம் செத்து சுண்ணாம்பாகி வந்து உக்காந்திருக்கான். அவனுக்கு இதக் குடுப்பியா?"

சமையலறைக்கு வந்து அதையும் கவிழ்த்தாள். மூன்றாவதும் தவறிவிட்டால் நாலாவதைச் சொல்லித்தர ஆள் இருக்குமா? அதை நினைக்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்ட பிறகு அதைத் தவிர வேறெதுவும் நினைவில் வரவில்லை.

மூன்றாவதுக்கு ஐஸ் போட்ட ஜாடியோடு அவள் நிற்கும்போதுதான் அம்மா வந்து நின்றாள். ஜாடியைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள். பாட்டிலைப் பாம்பைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள்.

"இங்க நின்னுக்கிட்டு அங்க காதக் குடுத்தா எப்படி வரும்? எல்லாத்தையும் உள்ள கொண்டு வா. நானும் பாக்கணும்ல?"

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, அதில் எல்லாவற்றையும் அண்ணன் பரப்பினான். அம்மா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். மணி நாலு இருக்கும். ஜன்னல் வெயில் போர்வையில் பாதி வரை ஏறியிருந்தது.

"அம்மா வந்தாச்சுப்பா."

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. புருவம் மட்டும் ஏறி இறங்கியது. சட்டைக் காலரைச் சரிசெய்வது போலக் கை கழுத்துப் பக்கம் போகப் பார்த்து, பாதி வழியில் படுத்துக்கொண்டது.

"மொதல்ல ஐஸ மட்டும் சுத்து," என்றார். "ஜாடி குளிரட்டும்."

சுற்றினாள்.

"அந்தத் தண்ணிய வடிச்சிடு. வெர்மூத்து... மூடியில ஒண்ணு. கண்ணுல விடற மருந்து மாதிரி நெனச்சுக்கோ."

விட்டாள்.

"இப்ப ஜின்."

ஊற்றினாள். பிசின் மாதிரி, பச்சை மரத்தைக் கீறியது மாதிரி ஒரு வாசனை அறைக்குள் எழுந்தது. அம்மா மூக்கை மூடிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தாள். அம்மா மூடிக்கொள்ளவில்லை.

"ஸ்பூன் ஜாடியோட ஓரத்த விடக்கூடாது. ஐஸ் ஒண்ணோட ஒண்ணு பேசக்கூடாது. எல்லாம் சேந்து சுத்தணும். நான் போதும்னு சொல்ற வரைக்கும் நிறுத்தாத."

அவள் கலக்கினாள். முதலில் கடகடவென்றது. அவர் முகம் சுளித்தது. மணிக்கட்டைத் தளர்த்தினாள். பெட்டி, நாற்பது விநாடி, திரை, சிவப்பு எண் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஸ்பூனை மட்டும் பார்த்தாள். சத்தம் மெல்ல அடங்கியது. கண்ணாடிக்கு வெளியே பனி பூத்தது. விரல் நுனி வலிக்கிற அளவுக்குக் குளிர் ஏறியது.

"இதத்தான் பண்ணீங்களா?" என்றாள் அம்மா. அவரிடம் நேராகக் கேட்டாள். "இத்தன வருஷமும்?"

"இதான்," என்றார். சிரித்தார் போலிருந்தது. "இதுல என்னடி இருக்கு, இத்தன வருஷம் பயந்த?"

அண்ணன் சாவியைச் சுற்றுவதை நிறுத்தியிருந்தான்.

ஐஸ் ஓசையில்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றியது. இப்போது சரியாக வருகிறது என்று அவளுக்கே தெரிந்தது. பிறந்ததிலிருந்து எதையும் இவ்வளவு நிதானமாகச் செய்ததில்லை. இதோ சொல்லிவிடுவார் என்று காத்திருந்தாள். சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் வேண்டுமாக்கும் என்று சுற்றினாள். நிமிர்ந்து பார்த்தால் தாளம் தப்பிவிடும் என்று குனிந்தே இருந்தாள். கட்டிகள் முனை மழுங்கின, சின்னதாயின. ஜாடியில் மட்டம் ஒரு விரற்கடை ஏறியது. இதற்குமேல் போனால் நீர்த்துவிடும். நாக்கு நுனியில் கேள்வி வந்துவிட்டது. கேட்கவில்லை. கேட்டால் பதில் வர வேண்டுமே. சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"போதும்மா," என்றது ஒரு குரல்.

அம்மாவின் குரல்.

ஸ்பூன் நின்றது. அண்ணன் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய்க் குனிந்தான். மூக்கருகே புறங்கையை வைத்தான். வைத்தபடியே வெகுநேரம் நின்றான். பிறகு அவன் எப்போதும் செய்யாத ஒன்றைச் செய்தான். அவள் தலையில் கைவைத்து ஒருமுறை தடவிவிட்டு, நர்ஸ் அக்காவுக்குச் சொல்ல போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

"ஊத்து," என்றாள் அம்மா.

"தண்ணியாயிருக்கும்மா. ரொம்ப நேரம் சுத்திட்டேன். அப்பா சொன்னாருல்ல, தப்பா போட்டத..."

"ஊத்துன்னு சொல்றேன்ல."

வடிகட்டியைப் பிடித்து ஊற்றினாள். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. அம்மா கிளாஸை இரண்டு கையாலும் வாங்கினாள், சின்னக் குழந்தை பால் டம்ளரை வாங்குவது போல. ஒரு வாய் குடித்தாள். கண் சுருங்கியது, தோள் ஒருதரம் குலுங்கியது. விழுங்கினாள். துப்பவில்லை.

"இந்த வேலைக்கு நின்னுக்கிட்டேதான் இருக்கணுமா?" என்றாள். "உக்கார விடமாட்டாங்களா?"

"நின்னுக்கிட்டேதாம்மா."

அம்மா கிளாஸைக் கீழே வைத்தாள். போர்வையின் கால்பக்கத்தை விலக்கினாள். அவருடைய குதிகால்கள் பாளம் பாளமாக வெடித்திருந்தன. தொடப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். கிளாஸைப் பிடித்திருந்த உள்ளங்கை ஈரமாக, சில்லென்றிருந்தது. முந்தானையில் துடைத்தாள். இரண்டு கையையும் சேர்த்து வைத்து, சூடு வரும் வரை மெதுவாகத் தேய்த்தாள். அதன் பிறகுதான் அவர் காலைத் தொட்டாள்.